குளத்துக்குப் போர்வை விற்ற குரல்

நீச்சல் குளத்துக்குக் குளிர்காலத் தார்ப்பாய் விற்கிறவனுக்கு வருஷத்தில் ஆறே வாரம்தான் மரியாதை; முதல் இலை உதிர்ந்ததிலிருந்து முதல் பனி விழும் வரை. அதற்கு முன்னால் போனால் "இன்னும் நீந்திக்கொண்டிருக்கிறோமே" என்பார்கள். பின்னால் போனால் "அதான் உறைந்துவிட்டதே" என்பார்கள்.

கடைக் கவுண்டருக்கு உள்பக்கம் நின்று, தனக்குச் சொந்தமில்லாத பொருளைத் தனக்குச் சொந்தமில்லாத சிரிப்போடு விற்றவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சும்மா படித்துவிட்டுப் போகலாம்.

எனக்கு இப்போது பதினேழு வயது. அப்பா ஜெர்மனியில், மியூனிக் நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் கண்ணாடிக் குழாய்களோடு குடும்பம் நடத்துகிறார். நானும் அம்மாவும் கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு. ஊருக்கு வெளியே, தோட்டம் வைத்த வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு புறநகரில் குடியிருக்கிறோம். இங்கே யாரிடம் புதிதாகக் கொஞ்சம் பணம் சேர்ந்தாலும் முதல் வேலையாகத் தோட்டத்தைத் தோண்டித் தண்ணீர் நிரப்பிவிடுகிறார்கள். எனக்கு வேறு வித்தை எதுவும் வராது. குரல் எடுப்பேன். வகுப்புக் கதவுக்கு வெளியே நின்று கணக்கு வாத்தியார் மாதிரி ஒரு இருமல் இருமினால் உள்ளே முப்பது பேரும் எழுந்து நிற்பார்கள். உள்ளே ஏற்கெனவே கணக்கு வாத்தியார் இருந்த நாளிலும் நின்றார்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் மியூனிக் பக்கத்துப் பவேரியாக்காரர்கள் பேசும் ஜெர்மன் வேறு, வடக்கே ஹாம்பர்க் பக்கத்து ஜெர்மன் வேறு. என் முதலாளி ஹெர் கிரான்ட்னர் (ஹெர் என்றால் நம் ஊர் 'திரு') வாயைத் திறந்தால் எனக்குப் பொள்ளாச்சிச் சந்தைதான் ஞாபகம் வரும். ஆகவே இதில் அவர் கோவைத் தமிழ் பேசுவார். வடக்கத்தி ஆட்கள் ரேடியோவில் செய்தி வாசிப்பது போலப் பேசுவார்கள். மற்றவர்கள் பாடு அவர்கள் பாடு.

வேலை கிடைத்த விதம்

சென்ற வருஷம், அதாவது எழுபத்து மூன்றில், செப்டம்பர் மாத மத்தியானம் ஒன்று. அம்மா கடைக்குப் போயிருந்தாள், வீட்டில் போன் சும்மா இருந்தது. ஹெர் கிரான்ட்னரின் கடைக்கு எங்கள் ஊர் மேயர் குரலில் போன் செய்தேன். நகராட்சிக் குளத்துக்குக் குளிர்காலத் தார்ப்பாய் வேண்டும், ஐம்பது மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலம், நல்ல நிறமாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். அந்தப் பக்கம் பென்சில் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அவர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியிடம், புது வேன் வாங்கிவிடலாம் என்று கிசுகிசுப்பதும் கேட்டது. அவ்வளவுதான், எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் அவருடைய முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கடை வாசலுக்குப் போனேன். பார்த்தேன். அதே சிரிப்பு மறுபடியும் வந்தது. அவர் அந்தச் சிரிப்பை அடையாளம் கண்டுகொண்டு என் காதைப் பிடித்தார். மேயர் குரலில் இன்னொரு தடவை பேசு என்றார், பேசினேன். பால்காரி குரலில் பேசு என்றார், பேசினேன். அவர் குரலிலேயே பேசிக் காட்டினேன். காதை விட்டுவிட்டார். "இந்த வாய்க்கு நானே கூலி குடுத்துப்போடறேன். நாளைக்கு மத்தியானம் வந்து சேருடா!"

பத்து மீட்டர்

தார்ப்பாயைக் குளத்தின் அளவுக்குத்தான் தைப்பார்கள். நான்கு பக்கமும் அரை மீட்டர் கூடுதலாக விட்டு, ஓரத்தில் பித்தளை வளையம் போட்டு, வளையத்தில் ரப்பர்க் கயிறு மாட்டி, தரையில் அடித்த இரும்பு முளையில் இழுத்துக் கட்ட வேண்டும். கட்டுகிற ஆள் த்ராகான், யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர், நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் செலவழிக்க மாட்டார். போனில் அளவைக் கேட்டு எழுதுவது என் வேலை. பேசுவது ஹெர் கிரான்ட்னரின் குரலில். அவருக்கு நேரம் மிச்சம், எனக்குக் கொண்டாட்டம்.

ஒரு பல் டாக்டர் பத்துக்கு ஐந்து என்று சொன்னார். மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் பத்து. தைத்து வந்ததை அவர் வீட்டில் விரித்தால், ஒரு முனை குளத்தின் இந்தக் கரையில் இருக்கிறது, மறு முனை ரோஜாச் செடிக்குள் போய்விட்டது. த்ராகான் நாடாவைப் போட்டு அளந்தார். ஏழு மீட்டர். தோழர்களே, துணிக்கடையில் நின்றவர்களுக்கு இது புதிதில்லை. இடுப்பளவை யார்தான் உள்ளபடி சொன்னார்கள்? மிச்சத்தை வெட்டிவிடலாமா என்று கேட்டேன். டாக்டர் பக்கத்து வீட்டு மாடி ஜன்னலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வெட்டாதே, விரித்தே வை. குளம் அது வரைக்கும் இருக்கிறது என்று அவன் நினைத்துக்கொள்ளட்டும்."

பச்சையா, நீலமா?

ஒரு வக்கீலின் மனைவியோடு போனில் அரை மணி நேரம் பேசினேன். புல்வெளியோடு ஒத்துப்போகப் பச்சை வேண்டும் என்பது அவர் கட்சி. பச்சை வைத்தால் புல் என்று நினைத்து யாராவது காலை வைத்துவிடுவார்கள் என்பது என் கட்சி. கடைசியில் நீலத்துக்கு ஒத்துக்கொண்டார். இவ்வளவு பொறுமையாக இந்தக் கடையில் யாரும் எனக்கு விளக்கியதில்லை என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மறுநாள் மாதிரித் துண்டைப் பார்க்க நேரில் வந்தார். நான்தான் கவுண்டரில் நின்றேன். என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார், சுவரையும் பார்த்தார். போனில் பேசிய அந்த நல்ல பவேரிய மனிதர் எங்கே என்று கேட்டார். நீலத் துண்டை எடுத்து வைத்தேன். "உங்கள் நாட்டில் குளத்தை மூடுவீர்களா?" என்றார். எங்கள் ஊரில் கோடை வந்தால் குளம் தானாகவே வற்றிவிடும் என்றேன். "அப்படியானால் உனக்கு இதில் என்ன தெரியும்?" என்று பையை மூடிக்கொண்டு, அந்த மனிதர் இருக்கும்போது வருகிறேன் என்று போய்விட்டார். ஹெர் கிரான்ட்னர் இதைக் கேட்டதும் என்னைப் பின்னறைக்கு மாற்றினார். அங்கே இரண்டாவது போன் ஒன்று உண்டு. நல்ல மனுஷர்தான், தோளில் தட்டித்தான் சொன்னார். "கோவிச்சுக்காத கண்ணு, கொரலு கடைக்கு, மூஞ்சி ஊட்டுக்கு."

டாக்டர் லோரென்ஸன் பிறந்தார்

நவம்பரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டக்கூடாது என்று சட்டம் போட்டார்கள்; நெடுஞ்சாலையில் ஜனங்கள் நடந்து போனார்கள். பெட்ரோலுக்கும் தார்ப்பாய்க்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. பிளாஸ்டிக் எல்லாம் பெட்ரோல் எடுக்கிற அதே எண்ணெயிலிருந்துதான் வருகிறதாம். விலை ஏறியது. ஹெர் கிரான்ட்னர் வேறு எங்கிருந்தோ மெல்லிய சரக்கு ஒன்றை இறக்கினார். அதே நீலம், அதே பளபளப்பு. பழைய துணியின் உள்ளே வலை பின்னியிருக்கும். கடை முற்றத்து மாதிரிக் குளத்தின் மேல் அதை இழுத்துக் கட்டி, ஷூவைக் கழற்றிவிட்டுத் தொண்ணூறு கிலோவோடு அவரே நடந்து காட்டுவார். புதிய சரக்கு வந்ததிலிருந்து அவர் ஷூவைக் கழற்றவே இல்லை. கையில் காட்டுகிற மாதிரித் துண்டு மட்டும் பழையதாகவே இருந்தது.

"தாங்குமா?" என்று யாராவது கேட்டால் அவர் "தாங்கும்" என்பார், காது இரண்டும் சிவந்துவிடும். பாவம், பொய்க்குப் பழக்கமில்லாத உடம்பு. அதனால் ஹாம்பர்க் தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவிலிருந்து டாக்டர் லோரென்ஸன் என்று ஒருவரை நாங்கள் இருவரும் உண்டாக்கினோம். வாடிக்கையாளர் முன்னால் முதலாளி நம்பர் சுழற்றுவார், பின்னறையில் மணி அடிக்கும், நான் எடுப்பேன். தூரத்து லைன் என்று தெரிவதற்காக ஒரு செல்லோஃபேன் தாளைப் பக்கத்தில் வைத்துக் கசக்குவேன். "வணக்கம். லோரென்ஸன் பேசுகிறேன். எமது துணியின் இழுவிசை குறித்துத் தாங்கள் ஐயுறவே வேண்டியதில்லை." ரேடியோ தோற்றுவிடும். கேட்டவர்கள் எல்லாரும் வாங்கினார்கள். வெட்கப்பட்டாயா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. மதியம் சாப்பிடாமல்கூட ஓடிப் போவேன். ஒருநாள், உங்கள் காது மட்டும் ஏன் சிவக்கிறது, என் காது சிவப்பதே இல்லையே என்று முதலாளியைக் கேட்டேன். "போன்ல பேசறவனுக்கு ஏதுடா காது?"

ஒரே ஒரு கேள்வி

ஃபிராவ் சைடல், அதாவது திருமதி சைடல், சின்ன வயசுப் பெண்மணி. வாங்கிய வீட்டோடு குளமும் வந்துவிட்டது. அவர் கேட்டு வாங்கியதில்லை. கணவர் வாரத்தில் ஐந்து நாள் வெளியூர். நான்கு வயதில் கத்ரீன் என்று ஒரு பெண் குழந்தை, ஒரு இடத்தில் நிற்காத ஜாதி. கடைக்கு வந்தவர் நிறத்தைக் கேட்கவில்லை, விலையைக் கேட்கவில்லை. முதலாளி நம்பர் சுழற்றினார், நான் எடுத்தேன், செல்லோஃபேனைக் கசக்கினேன்.

"டாக்டர், ஒரே ஒரு கேள்வி. என் குழந்தை இதன்மேல் ஓடிவிட்டால் தாங்குமா?" என்றார். இந்த இடத்தில் ஒரு 'ம்' போதும், அதுவே பெரிய பாவம். எனக்கு ஒரு 'ம்' போதவில்லை. குரல் அவ்வளவு அழகாக உட்கார்ந்திருந்தது. "குழந்தை என்ன அம்மணி, குதிரையே ஓடலாம்" என்றேன். குதிரையை நான் சொந்தமாகச் சேர்த்தேன், அதற்குக் கூலிகூடக் கிடையாது. அந்தப் பக்கம் அவர் சிரித்தார். சிரிப்பு நடுவில் உடைந்தது. "நன்றி, டாக்டர். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை. இன்றைக்குத் தூங்குவேன்."

சிவப்பு பூட்ஸ்

அடுத்த சனிக்கிழமை த்ராகானுக்கு உதவியாக நானும் அந்த வீட்டுக்குப் போனேன். தண்ணீரின் ஓரம் மெல்லிசாக உறையத் தொடங்கியிருந்தது. முளை அடித்தோம், கயிறு மாட்டினோம், இழுத்தோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நீலத் தரை மாதிரி, வழவழவென்று. கத்ரீன் சிவப்பு பூட்ஸ் போட்டுக்கொண்டு எங்கள் பின்னாலேயே வந்தாள். "முடிஞ்சுதா? முடிஞ்சுதா?" என்று நூறு தடவை. என்ன அவசரம் என்று கேட்டேன். குதிரையே ஓடலாமாம், நான் குதிரை மாதிரி ஓடப் போகிறேன் என்றாள். கையிலிருந்த சுத்தியலை எங்கே வைத்தேன் என்று இப்போதுகூட ஞாபகம் இல்லை.

கடைசிக் கயிற்றை மாட்டிய கணம் அவள் ஒரு காலை வைத்துவிட்டாள். பூட்ஸோடு கால் முழங்கால் வரை உள்ளே போயிற்று. துணி கிழியவில்லை. அவளைச் சுற்றிக் குழிந்து, அவளோடு கூடவே இறங்கியது. த்ராகான் ஒரே தாவில் அவள் கோட்டின் தொப்பியைப் பிடித்துத் தூக்கி எடுத்துப் புல்லில் நிறுத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார். எல்லார் குரலையும் எடுத்திருக்கிறேன், இந்தக் குரலை மட்டும் எடுக்க மாட்டேன். "இது இலை தாங்கத்தான். குழந்தை விழுந்தா சுத்திக்கும், மேலே வர விடாது."

என் சொந்தக் குரலில்

சமையலறைக் கதவு திறந்து ஃபிராவ் சைடல் ஓடிவந்தார். ஜன்னல் வழியாக அவர் பார்த்தது ஒன்றுதான்: முன்பின் தெரியாத ஓர் ஆள் தன் குழந்தையின் கழுத்துப் பக்கம் பிடித்துத் தூக்குகிறான், குழந்தை வீறிடுகிறாள். கையை எடு என்று கத்தினார். த்ராகான் தொப்பியிலிருந்து கையை எடுத்தார். நான் முன்னால் போனேன். தார்ப்பாய் தாங்காது, மெல்லிசுத் துணி, கடையில் காட்டியது வேறு துணி என்றேன். டாக்டர் லோரென்ஸன் சொன்னாரே என்றார். டாக்டர் லோரென்ஸன் என்று யாரும் இல்லை, அது நான்தான் என்றேன். அவர் என்னை உச்சியிலிருந்து கால் வரை பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரிந்ததுதான். வக்கீல் மனைவியும் அப்படித்தான் பார்த்தார்.

நிரூபிக்கிறேன் என்று அந்தக் குரலிலேயே பேசினேன். "வணக்கம், லோரென்ஸன் பேசுகிறேன்" என்று அச்சு அசலாக வந்தது. இதைவிட நன்றாக நான் எப்போதும் செய்ததில்லை. அவர் முகத்தில் அருவருப்பு வந்தது. த்ராகான் தன் கருவிப் பெட்டியைத் தூக்கி, இதைத் துணிமேல் போட்டுக் காட்டுகிறேன் என்று சைகை செய்தார். கிழித்தால் போலீஸைக் கூப்பிடுவேன் என்று அந்த அம்மாள் குறுக்கே நின்றார். வேனில் ஏறும்வரை வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "படித்த ஒரு பெரிய மனிதரை இப்படிக் கேலி செய்கிறாயே, உனக்கு வெட்கமாக இல்லையா?"

போன் பூத்

த்ராகானிடம் ரயில் நிலையத்தில் இறக்கிவிடச் சொன்னேன். பூத்துக்குள் நுழைந்து இருபது ஃபென்னிக் காசைப் போட்டேன். செல்லோஃபேன் இல்லை. அது தேவையும் படவில்லை, தொண்டையே கரகரத்தது. "வணக்கம். லோரென்ஸன் பேசுகிறேன்." உங்களுக்குச் சளியா, டாக்டர் என்று கேட்டார் ஃபிராவ் சைடல். அன்பாகத்தான் கேட்டார். அம்மணி, நான் பிழை செய்துவிட்டேன், அந்தத் துணி ஒரு பூனையைக்கூடத் தாங்காது, தோட்டத்துக் கதவை இந்த நிமிஷமே பூட்டிவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன் என்றேன். ஒரு கேள்வி கேட்கவில்லை அவர். போனை வைத்துவிட்டு ஓடினார். சாவி திரும்பும் சத்தம் கேட்டது. பூட்ஸைக் கழற்றமாட்டேன் என்று கத்ரீன் அழுகிற சத்தமும் கேட்டது. அந்த அழுகை மாதிரி இனிமையான சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

திரும்பி வந்து எவ்வளவோ நன்றி சொன்னார். தவறை ஒப்புக்கொள்ள ஒரு பெரிய மனம் வேண்டும் என்றார். உங்களைப் போன்றவர்கள் இருப்பதால்தான் ஒரு தொழிற்சாலையை நம்ப முடிகிறது என்றார். நான் கண்ணாடியில் தெரிந்த என் முகத்தைப் பார்த்துக்கொண்டு "கடமையைத்தான் செய்தேன் அம்மணி" என்றேன். போனை வைப்பதற்கு முன் ஏதோ ஞாபகம் வந்தவர் போல ஒன்று சொன்னார். "அந்தப் பையனும் இதையேதான் சொன்னான், டாக்டர். அவன் சொன்னதால்தான் நான் நம்பவில்லை."

திங்கட்கிழமை

மெல்லிசுத் துணி போன இன்னும் ஒன்பது வீடுகள் இருந்தன. அந்தச் சனிக்கிழமையே ஒன்பதுக்கும் லோரென்ஸன் பேசினார். ஒன்பது பேரும் நம்பினார்கள். பிறகு வந்து மெல்லிசையே வாங்கிப்போயிருந்த வக்கீல் மனைவிகூட நம்பினார். தோழர்களே, உண்மையை விற்பது இவ்வளவு சுலபம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, சரியான குரல் மட்டும் வேண்டும்.

திங்கட்கிழமை மத்தியானம் கடைக்குப் போனேன். முற்றத்தில், திரும்பி வந்த நீலத் துணிகள் சுருட்டிச் சுருட்டிக் கிடந்தன. கிடங்கில் மிச்சமிருந்த பழைய வலைத் துணியை எடுத்துக்கொண்டு த்ராகான் ஃபிராவ் சைடல் வீட்டுக்குப் போயிருந்தார். மேஜையில் அந்த அம்மாள் எழுதிய கடிதம் ஒன்று. முதல் பத்தியில் டாக்டர் லோரென்ஸனுக்கு நன்றி, அடுத்த பத்தியில் அந்தப் பையனை உடனே வேலையை விட்டு நீக்க வேண்டும் என்று கோரிக்கை. ஹெர் கிரான்ட்னர் இரண்டையும் சத்தமாக வாசித்தார். காது சிவக்கவில்லை. முகம்தான் சிவந்திருந்தது. மேயர் குரலில் போன் செய்துவிட்டு மாட்டிக்கொண்ட நாளில் என் காதைப் பிடித்தாரே, அந்த மாதிரிகூட இன்றைக்குப் பிடிக்கவில்லை. கடை வாசலைக் கையால் காட்டினார். "பொய்யிக்குத்தான்டா உனக்குக் கூலி குடுத்தேன். நெசத்த யார்றா உன்ன ஓசியில குடுக்கச் சொன்னது?"

இப்போது அதே தெருக்கோடியில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறேன். டயர் என் முகத்தைப் பார்ப்பதில்லை, குரலையும் கேட்பதில்லை, ஓட்டை இருந்தால் தண்ணீரில் அமுக்கிய உடனே தானே குமிழி விட்டு உண்மையைச் சொல்லிவிடுகிறது.